கமக்காரர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கல்வெட்டுக்கு எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின், மதியபோசனத்துக்கு வருபவர்களின் கையில் கொடுக்கப்படும் சிறு நூலைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் சொல்கிறோம். அதில் பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் வம்சாவளியும் நன்றி நவிலலும் இருக்கும். இவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று பக்கங்களில் மறைந்தவரின் வாழ்க்கை வரலாறும் இருக்கும். மறைந்தவர் ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருந்திருந்தால் அந்தப் பக்கங்களை எழுதுவது அவ்வளவு கடினமாக இராது. நியமனக் கடிதம் முதல் ஓய்வூதியப் பத்திரம் வரை யாவும் ஒரே கோவையில் வரிசையாகக் கிடக்கும். தொண்ணூறு வயதைத் தாண்டியும் தோட்டத்து வரம்பில் நடந்த கமக்காரருக்கு அப்படியொரு கோவை கிடையாது. ஆகவே எழுத அமர்பவர்கள், கடின உழைப்பாளி, கடவுள் பக்தி மிக்கவர், எல்லோருடனும் அன்பாகப் பழகியவர் என்னும் மூன்று தொடர்களை நீட்டி இரண்டு பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். பெயரையும் படத்தையும் மாற்றினால் அந்த வரலாறு அயல்வீட்டுக்காரருக்கும் அப்படியே பொருந்தும்.

அத்தகைய ஒருவரின் மகனோ மகளோ மருமகனோ பேரப்பிள்ளையோ எழுத அமரும்போது எதை விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது, எதை எழுதுவது, எதை விடுவது என்பவற்றையே இங்கே சொல்ல முயல்கிறேன். என் எண்ணம் சுருக்கமானது: கமக்காரரின் குணத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை, அவர் கைப்பட்ட நிலத்தையும் கிணற்றையும் பயிரையும், அவர் கடந்துவந்த ஆண்டுகளையும் சரியாக எழுதினால் குணம் அவற்றிலிருந்து தானே தெரியவரும்.

நாட்களைப் பங்கிடுதல்

31 நாள் நீண்ட அவகாசம் போலத் தோன்றும்; உண்மையில் எழுதுவதற்குக் கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதிதான். அச்சகத்துக்கு ஒரு கிழமையேனும் வேண்டும். பிழை திருத்தத்துக்கு மேலும் சில நாட்கள் வேண்டும். ஆகவே 20ஆம் நாளளவில் எழுத்து முடிந்திருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு கிழமையில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அப்போது எழுத முடியாது, ஆனால் கேட்க முடியும். துக்கம் விசாரிக்க வரும் முதியவர்கள் பந்தலில் அமர்ந்து தாமாகவே பழைய கதைகளைச் சொல்லத் தொடங்குவார்கள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு எதிரே போய் அமரவேண்டாம். பக்கத்தில் இருந்து கேட்டு, இரவில் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் குறித்து வைத்தால் போதும். எட்டாம் நாளளவில் நடக்கும் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து முறையாக விசாரிக்கலாம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த பிள்ளைகள் அனேகமாக அந்தியேட்டிக்கு முன்போ பின்போ விமானம் ஏறிவிடுவார்கள் என்பதால் அவர்களிடம் கேட்கவேண்டியதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பிறந்த நாளை உறுதிசெய்தல்

முன்பக்கத்தில் படத்தின் கீழே அச்சாகப்போவது பிறந்த திகதியும் மறைந்த திகதியுந்தான். அதிலேயே பிழை இருந்தால் உள்ளே எழுதியதை யார் நம்புவார்கள்? அந்தத் தலைமுறையில் பலரின் பிறப்புத் தாமதமாகப் பதியப்பட்டது. சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது கூட்டியோ குறைத்தோ எழுதப்பட்டது. எனவே பிறப்புச் சாட்சிப்பத்திரம், சாதகம், தேசிய அடையாள அட்டை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்.

பழைய அடையாள அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த மூன்று எண்களுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள். ஆகவே 28245 என்று தொடங்கும் இலக்கம் 1928 செப்டெம்பர் 1ஆம் திகதியைக் குறிக்கும். சாதகத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல் விபவ வருடம் ஆவணி மாதம் என்று மட்டும் இருந்தால் கலங்கவேண்டியதில்லை. 60 ஆண்டுச் சுற்றில் முதலாவதான பிரபவ 1927 சித்திரையில் பிறந்தது. அதற்கு அடுத்தது விபவ. மார்கழிப் பிற்பகுதி முதல் பங்குனி வரை, அதாவது சனவரி தொடக்கத்துக்கும் சித்திரைப் பிறப்புக்கும் இடையில், பிறந்தவர்களுக்கு மட்டும் தமிழ் வருடத்தின் பெயர் முன்னைய ஆங்கில ஆண்டோடு சேர்ந்தது என்பதை மறக்கவேண்டாம். 1928 மாசியில் பிறந்தவர் பிரபவ வருடத்துப் பிள்ளை. மூன்று ஆவணங்களும் ஒத்துவராவிட்டால் சாதகத்தை நம்புவதே என் வழக்கம். அடையாள அட்டை அவர் சொல்லிக் கேட்டு எழுதப்பட்டது. சாதகம் பிள்ளை பிறந்த வேளையில் நேரம் பார்த்துக் கணிக்கப்பட்டது.

மறைந்த நாளுக்குத் திதி முக்கியம். ஆண்டுத் திவசத்தைப் பிள்ளைகள் திகதியைக் கொண்டு செய்வதில்லை. மாதத்தையும் பூர்வபக்கமா அபரபக்கமா என்பதையும் திதியையும் கொண்டே செய்வார்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாட்களில் நாழிகைக் கணக்கில் வேறுபடும். எந்தப் பஞ்சாங்கத்தைக் குடும்பம் பின்பற்றுகிறதோ அதைக் கிரியை செய்த குருக்களிடம் கேட்டு எழுதுங்கள். வெண்பா பாடித் தருபவரிடமும் அதே விவரத்தைக் கொடுங்கள். வெண்பாவில் ஒரு திதியும் கீழே உரைநடையில் இன்னொரு திதியுமாக அச்சான கல்வெட்டுகள் ஊரில் குறைவில்லை.

காணியிலிருந்து தொடங்குதல்

கமக்காரரின் கோவை அவருடைய உறுதிகள், அதாவது காணி உரிமைப் பத்திரங்கள்தாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டபோது குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாக வகுத்தது. ஒரு தோட்டக்காரரின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த இதைவிடச் சிறந்த பகுப்பை நான் காணவில்லை. தகப்பன் வழியில் எவ்வளவு காணி வந்தது, கலியாணத்தின்போது மனைவியின் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டது, இருவரும் சேர்ந்து உழைத்து எதை வாங்கினார்கள், எந்த மகளுக்கு எந்தத் துண்டை எந்த ஆண்டில் கொடுத்தார்கள் என்று வரிசைப்படுத்தினால் அவருடைய இளமையும் நடுவயதும் முதுமையும் அதற்குள் வந்துவிடும். நான்கு பரப்பு முதுசத்துடன் தொடங்கி, பிள்ளைகளைக் கரைசேர்க்கும்போது ஒரு ஏக்கர், அதாவது 16 பரப்பு, செம்பாட்டுத் தோட்டம் தேடியிருந்தார் என்ற ஒரு வசனம் கடின உழைப்பாளி என்பதை நூறு தடவை எழுதுவதற்குச் சமம்.

உறுதியில் காணியின் பெயர் இருக்கும். நமது ஊர்களில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. இன்றைய பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. அந்தப் பெயர்களைக் கட்டாயம் எழுதுங்கள். ஈடு வைத்து மீட்ட கதை, குத்தகைக்குச் செய்த காலம், பங்குக் கிணற்றில் இருந்த உரிமை ஆகியனவும் உறுதிகளிலும் அவற்றோடு கட்டிவைத்த துண்டுக் கடிதங்களிலும் கிடைக்கும். இடம்பெயர்வில் உறுதிகள் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழியுண்டு, ஆனால் 31 நாளுக்குள் அது கைக்கு வருமென்று நம்பியிருக்கவேண்டாம். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உறுதி இலக்கம், எல்லைகள், இன்னும் பங்கிடப்படாத காணியின் விவரம் எதையும் அச்சில் போடக்கூடாது. கல்வெட்டில் அச்சானதை நாளைக்கு ஒரு பங்காளி வழக்கறிஞரிடம் கொண்டுபோகக்கூடும். பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு இருக்கும் துண்டைப் பற்றிப் பேசாமல் விடுவதே எல்லோருக்கும் நல்லது.

கிணறும் பயிரும்

அவர் செய்த வேலையை எழுதும்போது ‘விவசாயம் செய்தார்’ என்பதோடு நிறுத்துவது பெருங்குறை. ஆறு இல்லாத நிலத்தில் சுண்ணக்கல்லைக் குடைந்து கிணறு வெட்டி, இறைத்து விளைவித்த தலைமுறை அது. இயந்திரம் வருவதற்கு முன்பு இறைப்புக்கு மூவர் வேண்டும்: ஏற்றமரமான துலாவில் ஏறி மிதிப்பவர், கிணற்றடியில் நீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர். மறைந்தவர் எத்தனை வயதில் எந்த இடத்தில் நின்றார் என்று அவருடைய தம்பியிடமோ மைத்துனரிடமோ கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையாகத் தண்ணீர் மாறத் தொடங்கி, வாலிபனாகித் துலாவில் ஏறியிருப்பார். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்கள் 1950களிலும் 60களிலும் ஊர்களில் பரவின. முதலாவது இயந்திரத்தை எந்த ஆண்டு வாங்கினார், தனியாகவா சகோதரரோடு கூட்டாகவா, அதற்கான பணம் எந்தப் பயிரிலிருந்து வந்தது என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் குடும்பப் பொருளாதாரம் முழுவதையும் சொல்லிவிடும்.

பயிரை எழுதும்போது இடத்துக்கு ஏற்ப எழுதவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை, வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரவள்ளி. நீர்வேலிப் பக்கத்தில் வாழை. தென்மராட்சியில் தென்னையும் வயலும். ஆவணி புரட்டாதியில் விதைத்து மாரி மழையை நம்பித் தை மாசியில் அரிவு வெட்டும் நெற்செய்கை ஒருபுறமும், இறைப்பை நம்பிய தோட்டச்செய்கை மறுபுறமுமாக ஒரே மனிதர் இரண்டையும் ஓட்டியிருப்பார். பசளைக்கு வன்னியிலிருந்து குழை, அதாவது பசுந்தழை, வந்ததா, ஆட்டுப்பட்டி அடைத்தார்களா, எந்த ஆண்டிலிருந்து யூரியா போட்டார் என்பன சிறிய விடயங்களாகத் தோன்றினாலும், இன்னும் 30 ஆண்டில் இவற்றைச் சொல்ல ஆள் இருக்கப்போவதில்லை. அளவுகளையும் அவர் பேசிய மொழியிலேயே எழுதுங்கள். வெங்காயத்தை அந்தர்க் கணக்கிலும் நெல்லைப் புசல் கணக்கிலும் புகையிலையை ஆயிரம் கன்றுக் கணக்கிலும் பேசியவரின் வாயில் கிலோவைத் திணிக்கவேண்டாம். இளையவர்களுக்காக ஓர் அந்தர் என்பது 112 றாத்தல், ஏறத்தாழ 51 கிலோ என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

அவருடைய நல்ல காலம் எது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் பலருக்கு அது 1970க்கும் 1977க்கும் இடைப்பட்டது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் பலர் மண்வீட்டைக் கல்வீடாக்கினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள், பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தார்கள். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை விழுந்தது. சிலர் அதற்கு முன்பே விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் காணி எடுத்து மிளகாய் செய்யப் போனார்கள். உங்கள் அப்புவின் வீட்டு நிலைக்கு மேலே கட்டிய ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால் அதை இந்த வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் பிள்ளைகள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். குடும்பத்தாரை மட்டும் கேட்டால் தகப்பனைப் பற்றி மட்டுமே அறியலாம். அவருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள், அயல் தோட்டக்காரர், சந்தையில் வெங்காயம் எடுத்த வியாபாரி, கூட்டுறவுச் சங்கத்தில் கூட இருந்தவர்கள், கோயில் திருவிழா உபயக்காரர்கள் ஆகியோரிடமும் போகவேண்டும். குறிப்பாகக் கூலிக்கு நின்றவர்களின் பெயர்களைக் கல்வெட்டில் நன்றியோடு எழுதும் குடும்பங்கள் மிகக் குறைவு; எழுதினால் நல்லது என்பது என் தாழ்மையான கருத்து. ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று எவரிடமும் கேட்கவேண்டாம். ‘நல்ல மனிசன்’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. ‘அவரோடு கடைசியாக எந்தத் தோட்டத்தில் வேலை செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

போர்க்கால ஆண்டுகள்

நீண்ட ஆயுள் பெற்ற எவருடைய வாழ்க்கையிலும் இங்கே போர் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. 1920களில் பிறந்தவரென்றால் இரண்டாம் உலகப்போரின்போது பலாலியில் பிரித்தானிய வான்படைக்காக விமானத்தளம் அமைக்கப்பட்டதையும், 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுவீசிய செய்தியையும் வாலிபராக அறிந்திருப்பார். சிலர் மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பித் தோட்டம் செய்தவர்கள். சிலர் பிரித்தானியர் காலத்துப் படைப்பிரிவுகளிலோ 1949இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தரைப்படையிலோ சிலகாலம் இருந்து விலகியவர்கள். பின்னாளில் நடந்தவற்றை எண்ணி அந்தச் சேவையை மறைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. அவர் உயிரோடு இருக்கும்போது அதை மறைக்காதவரென்றால் நாமும் மறைக்கவேண்டியதில்லை; எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எங்கே என்று ஒரே வசனத்தில் எழுதிவிட்டு மேலே போகலாம்.

இந்த அடக்கத்தை அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கமக்காரர் ஒருவர் மறையும்போது ஊர்ப் பத்திரிகையில் வரும் இரங்கற் குறிப்பில் காணலாம். நம்மவர்களில் சிலருக்கு இன்று அயோவாவிலும் மினசோட்டாவிலும் சம்பந்திகள் இருப்பதால் இத்தகைய குறிப்புகள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் வந்துசேர்கின்றன. எந்தப் பண்ணையில் பிறந்தார், எந்தக் கிராமப் பள்ளியில் படித்தார், கொரியப் போர்க்காலத்தில் எந்த ஆண்டுகளில் படையில் இருந்தார், யாரை எந்தத் தேவாலயத்தில் மணந்தார், சோளமும் சோயாவும் பன்றியும் வளர்த்த நிலம் எங்கே இருந்தது, கூட்டுறவுச் சங்கத்தில் என்ன பொறுப்பு வகித்தார் என்று வரிசையாகச் சொல்லி, அவருக்கு முன் மறைந்தவர்களையும் இப்போது இருப்பவர்களையும் பெயரிட்டு முடிப்பார்கள். முன்னாள் படைவீரரென்றால் நல்லடக்கத்தின்போது எக்காளம் ஊதி, தேசியக் கொடியை முக்கோணமாக மடித்து மனைவியின் கையிலோ பிள்ளையின் கையிலோ கொடுப்பார்கள். அந்த மரியாதையைப் பெறுவதற்கும் படையிலிருந்து விடுபட்டதற்கான பத்திரத்தைக் காட்டவேண்டும். 1973 யூலையில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட படைச்சேவைக் கோவைகள் அழிந்தன. அதன்பின் பல குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பத்திரமே துணையாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட நமக்கு அந்த நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாம் கைக்கொள்ளத்தக்கது அவர்களின் வசன அடக்கம். போரைப் பற்றி எழுதும் இடத்தில் வீரமும் ஒப்பாரியும் தவிர்த்து, ஆண்டையும் இடத்தையும் மட்டும் எழுதும் அடக்கம்.

நமது பக்கத்துக்கு அதையே பின்பற்றலாம். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் நடவடிக்கை நடந்தபோது குடும்பம் எந்தக் கோயிலில் அல்லது பாடசாலையில் தங்கியது. வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவரென்றால் 1990இல் எந்த மாதம் வெளியேறினார், காணி எந்த ஆண்டு விடுவிக்கப்பட்டது, திரும்பிப் போனபோது கிணறு எந்த நிலையில் இருந்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் பசளையும் இல்லாமல் எப்படி இறைத்தார், மூலையில் கிடந்த துலாவை மீண்டும் கட்டினாரா. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்தபோது யார் யாரை எப்படிக் கூட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார், மாட்டை அவிழ்த்துவிட்டாரா, 1996இல் எப்போது திரும்பினார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபின் விளைந்ததை எங்கே விற்றார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் அச்சில் போடவேண்டுமென்பதில்லை. இவற்றுள் அவரே திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றிரண்டைத் தெரிவுசெய்து விரிவாக எழுதிவிட்டு, மற்றவற்றை ஆண்டோடு சுருக்கமாகக் குறித்தால் போதும்.

குடும்பத்தாரின் பெயர்கள்

கல்வெட்டைக் கையில் எடுத்தவர்கள் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை வைத்துக்கொண்டு தொடங்கலாம். இன்னாரின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், பாட்டனும், பூட்டனும் என்று அது வரிசைப்படுத்தியிருக்கும். ஆனால் அது அவசரத்தில் எழுதப்பட்டது. அதில் விடுபட்டவர்களால் ஏற்கனவே யாராவது முகம் சுளித்திருப்பார்கள். வம்சாவளியை வரையும்போது குடும்பத்தில் மூத்த பெண்மணி ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கிளையையும் வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கள். பிள்ளைகளை வயது ஒழுங்கில் எழுதவேண்டும். வெளிநாட்டில் வசதியாக இருப்பவரை மேலேற்றக்கூடாது. மணமுறிவு ஏற்பட்டவர்களின் பிள்ளைகளை விட்டுவிடக்கூடாது. கலப்பு மணத்தினால் தூரப்போன மகளின் பெயரைத் தகப்பனுக்காகவேனும் சேர்க்கவேண்டும்.

மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனோ பேரனோ இருந்தால், அவருடைய பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று ஒருபோதும் தானாக எழுதிவிடாதீர்கள். தாய் உயிரோடு இருந்தால் அந்த முடிவு அவருக்குரியது. அவர் வேண்டாமென்றால் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக, எந்த அடைமொழியுமின்றி அந்தப் பெயர் நிற்கட்டும். போரில் இறந்த பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்பதையும் இன்று ஊரில் வாழும் குடும்பத்தாரே தீர்மானிக்கவேண்டும். தொரன்ரோவில் இருப்பவர் தொலைபேசியில் தீர்மானிக்கும் காரியமன்று.

மனைவியைப் பற்றித் தனியாக ஒரு பந்தி எழுதுங்கள். தோட்டக்காரரின் கல்வெட்டுகளில் மனைவி ‘இல்லறத்தை நல்லறமாக்கியவர்’ என்ற ஒரு தொடரில் முடிந்துபோகிறார். வெங்காயம் பிடுங்கியதும், மிளகாய் ஆய்ந்து காயவைத்ததும், புகையிலையைப் பாடம் போடும்போது கூடநின்றதும், மாட்டைப் பார்த்ததும், தோட்டத்துக்குப் பழஞ்சோறு கொண்டுபோனதும் அவர்தான். அவர் சொல்வதை ஒரு முழு மாலைப்பொழுது இருந்து கேட்டால் தேதிகள் பலவும் அங்கேயே திருந்தும். எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எந்தக் கிணறு வெட்டினார்கள், 1964 டிசம்பர்ச் சூறாவளி எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது அடித்தது என்று அவர் கணக்கு வைத்திருப்பார்.

எழுதும்போது

விவரங்கள் சேர்ந்தபின் எழுத ஒரு நாள் போதும். முதல் வசனத்திலேயே ஊரையும் தோட்டத்தையும் கொண்டுவாருங்கள். ‘பச்சைப்பசேல் என்ற வயல்களும் வானுயர்ந்த பனைகளும் சூழ்ந்த’ என்று ஊரை வருணிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். வாசிக்கப்போகிறவர்கள் அந்த ஊரார்தான். ‘அன்னார்’ என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தவேண்டாம். ஊரார் அவரை அழைத்த பெயர் மரியாதைக் குறைவில்லாததாக இருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனெனில் பதிவிலுள்ள பெயரைச் சொன்னால் பலருக்கு ஆளே தெரியாது. மாதிரிக்கு ஒன்று: ‘தகப்பனாரை இழந்தபோது அவருக்கு வயது 13. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தமையனோடு கலட்டித் தோட்டத்தில் பட்டை பிடிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு வைத்த புகையிலையை விற்ற பணத்தில் ஈட்டிலிருந்த இரண்டு பரப்பையும் மீட்டார்கள்.’ இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. ஆயினும் வாசித்தவருக்கு அந்தச் சகோதரர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பார்கள். முன்கோபமும் பிடிவாதமும் ஊரறிந்தவையென்றால் ஒரு சிரிப்போடு குறிப்பிடுவதில் தவறில்லை. சபையில் அதை வாசிக்கும்போது எல்லோரும் தலையசைப்பார்கள். எல்லைவேலி வழக்கு, குடி, சகோதரரோடு பேசாமல் இருந்த ஆண்டுகள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பின் பிள்ளைகளும் மதியபோசனத்துக்கு வருவார்கள். இல்லாத நற்குணத்தைச் சேர்த்து எழுதுவதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யவேண்டாம்.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாக எழுதுங்கள். மருத்துவமனை விவரமும் நோயின் பெயரும் யாருக்கும் தேவையில்லை. எந்த வயது வரை தோட்டத்துக்குப் போனார், போகமுடியாமற் போனபின் தோட்டத்தை யார் ஏற்றார் என்பவை தேவை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது குழை தாழ்ப்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்றால் அதை விட்டுவிடவேண்டாம்.

அச்சுக்குக் கொடுத்தபின்

நமது அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவே பாவனையில் இருக்கிறது. நீங்கள் யூனிகோட்டில் தட்டச்சுச் செய்து கொடுப்பதை அவர்கள் மாற்றும்போது கொம்பும் அரவும் இடம்மாறி, சில பெயர்கள் வேறு பெயர்களாகிவிடும். எனவே முதற்படியைக் கைத்தொலைபேசியில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். பெயர்களையும் திகதிகளையும் திதியையும் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். பழைய படங்களை அச்சகத்தில் விட்டுவிடாமல் வீட்டிலேயே ஸ்கான் செய்து கொடுங்கள். படத்தின் கீழே யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதாத படம் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கும் படம் ஒன்று கிடைத்தால் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்குவதைவிட அதைப் போடுவது நல்லது, முன்பக்கத்துக்கு இல்லாவிட்டாலும் உள்ளே.

கத்தோலிக்கக் குடும்பங்கள் 31ஆம் நாள் திருப்பலியோடு வெளியிடும் நினைவு மலரில் பஞ்சபுராணத்தின் இடத்தில் செபங்கள் வரும். வாழ்க்கை வரலாற்றைப் பற்றி மேலே சொன்னவற்றில் மாற்றம் எதுவுமில்லை.

அச்சானவற்றில் சில பிரதிகளை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். ஊர் வாசிகசாலைக்கும், அவர் படித்த பாடசாலையின் நூலகத்துக்கும், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் ஏற்றுக்கொள்கிறது. அதற்கொரு பிரதியோ பிடிஎஃப் கோவையோ அனுப்பலாம். உறுதிகளிலிருந்து எடுத்த குறிப்புகளையும், பலரும் சொன்னதை எழுதிய கொப்பியையும், ஒலிப்பதிவுகளையும், யூனிகோட் மூலப்படியையும் ஒரே உறையில் இட்டு, ஊரில் நிரந்தரமாக இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள். ஆட்டைத் திவசத்துக்குள், அதாவது ஓராண்டு நிறைவுக்குள், விடுபட்ட பெயரொன்றோ புதிய படமொன்றோ எப்படியும் வந்துசேரும்; இரண்டாம் பதிப்புக்கு அது உதவும்.